இருபத்து மூன்றாவது சருகு

என் அப்பாவின் சுத்தம் ஒருமுறை என் எம்.எஸ்ஸி. பட்டத்தையே பெருக்கித் தள்ளப் பார்த்தது.

அப்பா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் மரம் ஏறுகிறவர். நிழல் மரங்களைக் கவாத்து செய்வது, சில்வர் ஓக்கில் படர்ந்திருக்கும் மிளகைப் பறிப்பது, புல்லுருவி கண்ட கொப்பை அறுத்துப் போடுவது, இதெல்லாம் அவர் வேலை. அம்மா அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தாள். எங்கள் லைன் வீட்டு வாசலில் ஒரே ஒரு காய்ந்த இலை கிடந்தால் போதும், அப்பாவுக்குச் சோறு இறங்காது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் அதைப் பொறுக்கிவிட்டு வருவார். "ஏனுங்க, அதையும் தட்டுல வெச்சுத் தரட்டுங்களா?" என்று அம்மா கேட்பாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒன்றுமே நடக்காதது போல உட்காருவார்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த நான், உலகத்தில் இத்தனை செடிகொடி இருக்க, காய்ந்த இலையைக் கீழே போடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு செடியை என் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். விதி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சோம்பேறித்தனம்தான். அந்தச் செடி எங்கள் வீட்டை ஒட்டிய பலாமரத்திலேயே இருந்தது. காலில் செருப்புகூட மாட்டாமல் போய்ப் பார்த்து எழுதிவிட்டு வரலாம்.

ஏற்காட்டுக்கு வந்தவர்கள் அதை வேறு கோலத்தில் பார்த்திருப்பார்கள். ரோட்டோரக் கடைகளில் பழுப்பு நிறத்தில், மேலெல்லாம் முடி மூடி, கசாப்புக் கடையில் தொங்குவது போலவே ஒன்றைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். முடவாட்டுக்கால் கிழங்கு என்று பெயர். தோலைச் சீவி, மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டுச் சூப் வைத்தால் ஆட்டுக்கால் சூப் போலவே இருக்கும். மூட்டுவலிக்கு நல்லது என்பார்கள். புரட்டாசி விரதக்காரர்கள் சிலர் அதைக் குடிக்கிறபோது அவர்கள் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் பார்த்தால் பெருமாளே சந்தேகப்படுவார்.

ஆனால் அது கிழங்கே இல்லை. மரத்தின் மேலும் பாறையின் மேலும் ஊர்ந்து போகிற தண்டு. அதன் மேல் இருப்பது முடியும் இல்லை, செதில். செடி, பெரணி வகை. பூ கிடையாது, காய் கிடையாது, விதை கிடையாது. இந்தப் பேரினத்துக்கு டிரைனேரியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓக் மரத்து இலையைப் போன்ற இலை உடையது என்பதால் அந்தப் பெயராம். எங்கள் எஸ்டேட் முழுக்க நிற்கிற சில்வர் ஓக், ஓக் மரமே கிடையாது, அதன் இலையும் அப்படி இருக்காது. ஆக, ஓக் என்று பேர் வாங்கிய மரத்தில் இல்லாத இலை, பக்கத்துப் பலாமரத்தின் மேல் வாடகை இல்லாமல் குடியிருந்தது.

இந்தச் செடிக்கு இரண்டு விதமான இலைகள். ஒன்று நீளமாக, பச்சையாக, நடுநரம்பு வரைக்கும் வெட்டுப்பட்டுக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். வெயிலில் நின்று சாப்பாடு தயாரிப்பது அதுதான். இன்னொன்று குட்டையாக, அகலமாக, காம்பே இல்லாமல் தண்டை அணைத்தபடி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கூடு இலை என்போம். முளைக்கும்போது பச்சைதான். சில வாரத்தில் காய்ந்து, அப்பளம் போல மொடமொடவென்று பழுப்பாகிவிடும். ஆனால் விழாது. வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும். மேலேயிருந்து விழுகிற பலா இலை, தூசி, பட்டைத்தூள், பறவை எச்சம் எல்லாவற்றையும் அந்தக் கூடையில் பிடித்து வைத்து மக்கவிட்டு, அந்த மண்ணில் செடி தன் வேரை விட்டுக்கொள்ளும். கோடையில் தலைகீழாக நடக்கும். பச்சை இலை ஒவ்வொரு துண்டாகக் கொட்டி, தின்று முடித்த மீன்முள் மாதிரி நரம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சருகு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதை நான் வீட்டில் விளக்கியபோது அம்மா கேட்டுவிட்டு, "அப்ப ஆடிக்கிட்டிருக்கறது உங்கப்பன், காஞ்சு போயி ஊட்டைத் தாங்கிக்கிட்டு நிக்கறது நானு. இதுக்கு ரெண்டு வருசப் படிப்பாடி?" என்றாள். எந்தப் புத்தகத்திலும் இதைவிடச் சுருக்கமாக எழுதியிருக்கவில்லை.

அப்பாவுக்குச் செடி மேல் முதலிலிருந்தே சந்தேகம். புல்லுருவி என்று நினைத்து அரிவாளோடு வந்தார். மரத்தின் சாற்றை இது உறிஞ்சாது என்று அரைமணி நேரம் பேசித் தடுத்தேன். அப்புறம் ஒருநாள் பச்சை இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டார். அடிப்பக்கம் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். தொட்டால் விரலில் தூள் ஒட்டும். அந்தத் தூளில்தான் செடியின் வம்சமே இருக்கிறது. விதைக்குப் பதில் அதைத்தான் காற்றில் விடும். ஆனால் காப்பி எஸ்டேட்டில் ஆயுசைக் கழித்தவருக்கு இலைக்கு அடியில் தூள் என்றால் ஒரே அர்த்தம்தான், துரு நோய். மறுநாள் விடிகாலையில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் மருந்தாகக் கலந்து முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு நின்றார். "நொம்ப முத்திப் போச்சு கண்ணு. ஆனா கவலைப்படாத, காப்பாத்திரலாம்" என்றார். நான் மரத்துக்கும் அவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். செடிக்கு ஆபத்து மாட்டாலோ குரங்காலோ வராது, என் மேல் உள்ள பாசத்தால்தான் வரும் என்று.

என் வேலை இதுதான். பலாமரத்தில் இருந்த கூடு இலைகளுக்கு எண் போடுவது. காலி ஷாம்பு டப்பாவை நறுக்கிச் சீட்டுச் செய்து, எண் எழுதி, நூலில் கட்டித் தொங்கவிட்டேன். சேலம் ஹாஸ்டலிலிருந்து வாராவாரம் வந்து, எது எப்போது முளைத்தது, எத்தனை விரற்கடை வளர்ந்தது, எப்போது பழுத்தது, கூடைக்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். ஆடி மழையில் தொடங்கி மறு சித்திரை வரை. எழுதியதெல்லாம் கண்ணால் பார்த்தது. கிட்டத்தட்ட எல்லாம். பிறகு அந்தக் கிட்டத்தட்டவுக்கு வருகிறேன்.

கல்லூரியில் எனக்கு வழிகாட்டி ஒரு மேடம். ஒல்லியாக, கறாராக, பெரணியைத் தவிர வேறு எதையும் சிரித்த முகத்தோடு பார்க்காதவர். சித்திரை பிறந்ததும் என் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கங்களை இரண்டு முறை புரட்டினார்.

"இதை எழுதி முடிக்க எத்தனை டீ குடிச்சே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்பது போல நின்றேன்.

"ரூம்ல உக்காந்து எழுதினதா, மரத்தடியில நின்னு எழுதினதான்னு கேக்கறேன். வர்ற சனிக்கிழமை நான் அங்க வரேன். இருபத்து மூணு கூடு இலையையும் காட்டு. நோட்டுல இருக்கறது மரத்துல இருந்தா கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா அடுத்த ஆடியில புதுசா ஆரம்பி."

ஒரு வருஷம். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், பட்டம் கையில் இருந்தால் ஜூனில் சேர்ந்துகொள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின மிளகுப் பறிப்பில் அப்பா ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்தார். நான் வேலைக்குப் போய்விட்டால் அந்த ஏணியைச் சுவரோடு சாய்த்துவிடலாம் என்று அம்மா வாய்விட்டுச் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் தள்ளிப்போவது என்றால் அப்பா இன்னொரு வருஷம் மரம் ஏறுவது என்று அர்த்தம்.

புதன்கிழமை போன் செய்து, மேடம் வருகிறார், பலாமரத்தைப் பார்க்கத்தான் வருகிறார் என்று அப்பாவிடம் சொன்னேன். "பெரிய படிப்புப் படிச்சவங்க நம்ம ஊட்டுக்கு வர்றாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபோதே நான் உடனே கிளம்பியிருக்க வேண்டும். பரீட்சை இருந்ததால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி மேட்டில் ஏறும்போதே பலாமரம் தெரிந்தது. அடிமரத்துக்கு இடுப்பளவு வெள்ளையடித்திருந்தது. சுற்றிலும் தரையில் சாணி தெளித்துப் பெருக்கியிருந்தது. மேலே என் செடி குளித்துவிட்டு வந்தது போல நின்றது. மிச்சமிருந்த பச்சை இலைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்திருந்தார். மீன்முள் நரம்புகளைக் காணோம். சருகு ஒன்றுகூட இல்லை. என் ஒன்பது மாத உழைப்பில் ஒன்றுகூட இல்லை.

அப்பா மரத்தடியில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

"என்னங்கப்பா பண்ணினீங்க?" என்றேன்.

"ரெண்டு நாளா லீவு போட்டுப் பண்ணினேன் கண்ணு. அம்புட்டுக் குப்பை! ஒவ்வொரு சருகுக்குள்ளயும் ஒரு கூடை குப்பை. ஒண்ணுல தவளை வேற குடித்தனம் பண்ணுது. காஞ்ச இலையெல்லாம் சுலுவா வரலை, கத்தி வெச்சு அறுத்துத்தான் எடுத்தேன். வர்றவங்க பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? நீ கட்டிவெச்ச சீட்டையெல்லாம் தொலைக்கலை. பத்திரமா இருக்குது" என்று ஒரு டிபன் டப்பாவை நீட்டினார். "இருபத்திரண்டு."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சருகெல்லாம் எங்கே என்று கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பாதி சாக்குல இருக்குது. பாதி வெந்நி அடுப்புல போட்டேன். நல்லாப் புடிச்சு எரிஞ்சுதுடி" என்றாள். அப்போதுதான் அப்பாவுக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. துடைத்த துணி கையிலேயே இருக்க, மெதுவாக மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

காலையில் எழுந்து வந்து பார்த்தால் மரத்தில் ஏணி சாய்ந்திருந்தது. அப்பா மேலே இருந்தார். பொழுது விடிவதற்குள் எஸ்டேட்டின் பழைய மரங்களையெல்லாம் சுற்றி, வேறு செடிகளிலிருந்து ஒரு சாக்கு நிறையக் கூடு இலை அறுத்துக்கொண்டு வந்திருந்தார். மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டுகிற அதே முடிச்சில், வாழைநாரால் ஒவ்வொரு இலையாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

நியாயமாக நான் அவரை இறங்கச் சொல்லி, மேடத்துக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஏணிக்குக் கீழே போய் நின்று, "அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு" என்றேன்.

கீழே உட்கார்ந்து இலைகளுக்குச் சீட்டுக் கட்டினேன். டப்பாவில் ஒரு சீட்டுக் குறைந்தது. இன்னொரு ஷாம்பு டப்பாவை நறுக்கி இருபத்து மூன்று என்று எழுதினேன். அப்பா மேலேயிருந்து அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் அதைக் கட்டச் சொல்லிக் கொடுத்தேன், கட்டினார்.

மேடம் பத்து மணி பஸ்ஸில் வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் அவர் முகத்தில் தெரிந்தது. மூக்கருகில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி மேட்டில் ஏறி வந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கைகூப்பி வரவேற்றார். அம்மா காப்பி கொடுத்தாள். மேடம் டம்ளரோடு பலாமரத்தடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நோட்டுல இருபத்து மூணுன்னு எழுதியிருக்கே. இங்க முப்பதுக்கு மேல இருக்கே?"

அப்பாவுக்குத் தாராள மனசு. கொஞ்சம் கட்டினால் பற்றாது என்று சாக்கு தீரும்வரை கட்டியிருந்தார். அது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"அப்புறம், மேல் வரிசையில ஏன் எல்லாம் தலைகீழா தொங்குது? கூடை கவுந்திருந்தா அதுல எப்படிக் குப்பை சேரும்?"

அப்பா ஓர் அடி முன்னால் வந்தார். "சேரக் கூடாதுன்னுதானுங்க..." என்று தொடங்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சேர்வராயன் மலைக்காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. மேலேயிருந்து ஓர் இலை அவிழ்ந்து, நிதானமாக மிதந்து வந்து மேடத்தின் தோளில் உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தார். அடியில் அழகான முடிச்சு, இரண்டு பக்கமும் வால் விட்டிருந்தது.

"இருபது வருஷமா பெரணி படிக்கறேன். வாழைநாரோட முளைக்கறதை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்னே அப்பா சொன்னார். "நாந்தானுங்க மேடம். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க வர்றீங்கன்னு நாந்தான் சுத்தம் பண்ணிப்புட்டேன். அது அழுதுச்சு, அதனால காலையில நானே கட்டிப்புட்டேனுங்க." வெள்ளையடித்தது, துணியால் துடைத்தது, தவளையை ஓட்டியது, வெந்நீர் அடுப்பு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல மேடத்தின் உதடு கோணிக்கொண்டு போனது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. அப்பா பழியை ஏற்றுக்கொண்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் உண்மை.

மேடம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்தார்.

"ஏங்க, கட்டினது எல்லாத்தையும் அவுத்துருங்க. கத்தியில அறுத்தேன்னு சொன்னீங்க இல்ல? பச்சை இலைத் துண்டு மாதிரி கூடு இலை தானாக் கழண்டு விழாது. அறுத்தா இலையோட அடி தண்டுலயே நிக்கும். அந்த அடியை எண்ணிக்கலாம்."

அப்பா ஏறி எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டார். மேடம் என்னை மரத்துக்கு முதுகு காட்டி, காப்பிச் செடிகளைப் பார்த்து நிற்கச் சொன்னார். ஒவ்வோர் எண்ணாகச் சொல்வார், அந்த இலை இருந்த இடத்தை நான் பார்க்காமல் சொல்ல வேண்டும், அப்பா அந்த இடத்தில் விரல் வைத்து அறுத்த அடி இருக்கிறதா என்று சொல்ல வேண்டும்.

"ஒண்ணு."

"பெரிய கவட்டைக்குக் கீழ, இடது பக்கம், மூணு விரல் தள்ளிங்க மேடம்."

"இருக்குதுங்க" என்றார் அப்பா.

"ரெண்டு."

"அதுக்கு நேர் மேல."

"இருக்குதுங்க."

ஐந்து, ஆறு, ஏழு. எனக்கே ஆச்சரியம். ஒன்பது மாதம் வாராவாரம் பார்த்தது கண்ணை மூடினாலும் தெரிந்தது. "ஒன்பது" என்றார் மேடம். "பட்டை வெடிச்ச எடத்துல. உள்ளாற தவளை இருக்கும்" என்றேன். "அடி இருக்குதுங்க. தவளை இல்லீங்க, அதை நாந்தான் முடுக்கி உட்டுட்டேன்" என்றார் அப்பா, குற்ற உணர்ச்சியோடு. மேடம் இந்தத் தடவை சிரித்தே விட்டார். பதினைந்து, இருபது, இருபத்திரண்டு. மேலேயிருந்து இருக்குதுங்க, இருக்குதுங்க என்று அப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. மகள் பொய் சொல்லவில்லை என்று ஊருக்கே சொல்வது போல.

"இருபத்து மூணு."

இப்போது அந்தக் கிட்டத்தட்டவுக்கு வர வேண்டும். மாசி மாதத்தில் இரண்டு வாரம் நான் ஊருக்குப் போகவில்லை. ஹாஸ்டல் தோழிகளோடு ஒரு சனிக்கிழமை சினிமா, இன்னொரு சனிக்கிழமை ஒன்றுமே செய்யாமல் தூக்கம். நோட்டில் இரண்டு வாரம் வெறுமையாகக் கிடந்தது. வெறுமனே 'மாற்றமில்லை' என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் குறும்பு சும்மா இருக்கவில்லை. ஒரு புது இலையை முளைக்க வைத்தேன். அடுத்த வாரம் மூன்று விரற்கடை வளர்த்தேன். பங்குனி முடிவதற்குள் பக்குவமாகப் பழுக்கவும் வைத்தேன். அந்த நோட்டிலேயே அழகாக வளர்ந்த இலை அதுதான்.

"கிழக்கே போற கொப்புல," என்றேன், "தண்டு முடியற எடத்துலங்க."

மேலே அப்பா கொப்பு மாறும் சத்தம் கேட்டது.

"இருக்குதுங்க" என்றார் அப்பா.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பீடியை விட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்கிற குரல். திரும்பிப் பார்த்தேன். அப்பா ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை விரித்து, ஒன்றுமில்லாத இடத்தை மூடிக்கொண்டிருந்தார். இடுப்பு வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் பட்டைத்தூள்.

"இல்லைங்க மேடம்," என்றேன். "இருபத்து மூணு இல்லை. அது நானா எழுதினது."

மேடம் நோட்டை மூடினார். "தெரியும். அதைப் பாக்கத்தான் அத்தனை வளைவுலயும் குமட்டிக்கிட்டு வந்தேன். மாசியில, பச்சை இலையே கொட்டிக்கிட்டிருக்கறப்ப, இந்தச் செடி புதுசாக் கூடு கட்டுமா? மழை வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கும். அது ஒண்ணு பொய்யின்னு பாத்த உடனே தெரிஞ்சுது. மத்த இருபத்திரண்டும் பொய்யான்னு தெரியாமத்தான் கையெழுத்துப் போட முடியலை."

சிவப்பு மையால் அந்த இலையை அடித்தார். அதற்குக் கீழே 'இந்த இலை இல்லை' என்று என்னை எழுத வைத்துக் கையெழுத்து வாங்கினார். அப்பாவை இறங்கச் சொல்லி, மற்ற இருபத்திரண்டுக்கும் சாட்சி என்று அவரிடமும் வாங்கினார். அப்பா ஒவ்வோர் எழுத்தாக, கல்லில் கொத்துவது போலப் போட்டார். மார்க்கில் வெட்டு விழுந்தது. பட்டம் கிடைத்தது. ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன்.

மேடத்தைப் பஸ் ஏற்றிவிட்டு நானும் அப்பாவும் மேட்டில் திரும்பி வந்தோம். வீடு நெருங்கும்போது அப்பா சொன்னார்.

"கையெடுத்துக் கும்புட்டு ஊட்டுக்குக் கூப்புட்டவங்ககிட்ட, இல்லாததை இருக்குதுன்னு சொல்ல வெச்சுட்டியே சாமி."

"உங்களுக்குத் தெரியுமாங்கப்பா?"

"சீட்டு இருபத்திரண்டுதானே இருந்துச்சு."

ஓர் அடி அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று நான் அழுதது பட்டத்துக்காக இல்லை.

அது நடந்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. அப்பா எஸ்டேட்டில் மரம் ஏறுவதை விட்டுவிட்டார். அந்த ஒரு பலாமரத்தை மட்டும் விடவில்லை. அதன் மேலும் அடியிலும் ஒரு சருகைக்கூட யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார். வாசலில் குப்பை மலையாகக் குவிகிறது. "அந்த மேடத்தை வந்து பெருக்கிட்டுப் போகச் சொல்லுடி" என்கிறாள் அம்மா. தவளையும் திரும்பி வந்துவிட்டதாகக் கேள்வி, அதே தவளைதானா என்று யாருக்கும் தெரியாது.

போன ஆடியில், நான் வகுப்பில் இருக்கும்போது அப்பா போன் செய்தார். பள்ளி நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். பயந்துகொண்டு எடுத்தேன்.

"கண்ணு, இருபத்து மூணு வந்துருச்சு."

"எது?"

"கிழக்கே போற கொப்புல. தண்டு முடியற எடத்துல. நெசமாலுமே வந்துருக்குது."

"கட்டி வெச்சிருக்கீங்களா?"

"வந்து பாத்துக்க" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். பையில் துணியோடு அளவுகோலையும் எடுத்துப் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா ஏணியைச் சாய்த்துத் தயாராக வைத்திருந்தார். இந்த முறை நான் ஏறினேன், அவர் கீழே பிடித்துக்கொண்டார். முதலில் வாழைநார் இருக்கிறதா என்று இலையைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். கீழே அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. நார் இல்லை. தண்டிலிருந்தே முளைத்த, இன்னும் பழுக்காத, தொட்டால் மெத்தென்று இருக்கிற பச்சைக் கூடு இலை. கூடைக்குள் இப்போதே ஒரு பலா இலை விழுந்து கிடந்தது.

அளவுகோலை வைத்தேன்.

"எத்தனை?" என்றார் அப்பா.

"நாலரை இஞ்சுங்கப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு."

மறுபடி வைத்துப் பார்த்தேன். நாலே கால்தான்.